2 வீதப் பட்டியல் வந்துவிட்டது. படிப்பித்தவர்களின் பட்டியல் எங்கே?

(பதிவு நீளம். ஆனால் பிள்ளையை உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படிக்க விட்டிருக்கும் எந்தப் பெற்றோருக்கும் இது சொந்த விசயம். பொறுமையாக வாசியுங்கள்.)

ஒவ்வொரு வருடமும் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் பேரில் உலகின் முதல் 2 வீத விஞ்ஞானிகள் பட்டியல் வெளியாகும். அன்றிலிருந்து ஒரு கிழமைக்கு எங்கள் முகநூல் முழுக்க வாழ்த்துதான். "மாஷா அல்லாஹ் சேர்", "ஊருக்குப் பெருமை", "மண்ணின் மைந்தன்". படம், பூங்கொத்து, பொன்னாடை. நாங்களும் வாழ்த்துகிறோம், மனதாரத்தான். எங்கள் நாட்டிலிருந்து ஒருவர் அந்த இடத்துக்கு வருவது லேசான காரியமல்ல. ஆய்வுகூடத்தில் இரசாயனம் இல்லாமல், உபகரணம் இல்லாமல், சில நேரம் மின்சாரமும் இல்லாமல் ஆராய்ச்சி செய்தவர்கள் அவர்கள்.

ஆனால் அந்தப் பட்டியல் எதை எண்ணுகிறது என்று ஒரு தரம் பாருங்கள். ஒருவருடைய ஆய்வுக் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை தடவை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதைத்தான் எண்ணுகிறது. அவர் மண்டபத்தில் நின்று படிப்பித்தபோது எத்தனை பிள்ளைக்கு விளங்கியது என்பதற்கு அதில் ஒரு நிரல்கூட இல்லை. அதைக் குறை சொல்லவும் முடியாது. அது அதற்கான பட்டியல் அல்ல. எங்கள் கேள்வி வேறு. படிப்பித்தலுக்கான பட்டியல் எங்கே?

"பள்ளிக்கூட வாத்திமாருக்குக் கெம்பஸ் விசயத்தில் என்ன வேலை" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் பாடசாலைகளில் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் படிப்பிக்க யார் வருகிறார்கள்? விஞ்ஞான பீடத்தில் பட்டம் முடித்தவர்கள். அவர்களுக்குப் படிப்பித்தவர்கள் யார்? அந்தப் பீடத்து விரிவுரையாளர்கள். ஒரு விரிவுரையாளர் ஒரு பாடத்தை விளங்காத மாதிரி நடத்திவிட்டுப் போனால் அந்த நட்டம் அந்தப் பெச்சோடு முடிவதில்லை. அரைகுறையாக விளங்கிய பட்டதாரி ஆசிரியராகி வருவார். அவரிடம் படிக்கும் பிள்ளைக்கு அதிலும் அரைவாசிதான் கிடைக்கும். அந்தப் பிள்ளைக்குச் சாதாரணதரம் வரை கணிதமும் விஞ்ஞானமும் படிப்பித்து, கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டவர்கள் நாங்கள். ஆகவே எங்களுக்கு அங்கே வேலை இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பிள்ளைகள் உயர்தரத்தைத் தமிழில் எழுதுகிறார்கள். விஞ்ஞான பீடத்துக்குள் போனதும் எல்லாம் ஆங்கிலம். "வகையீடு" என்று படித்த பிள்ளைக்கு முதல் நாளே "டிபரன்ஷியேஷன்". "உந்தம்" போய் "மொமென்டம்" வந்துவிடும். சொல் மாறுவதைப் பிள்ளை சமாளித்துக்கொள்ளும். அதே நேரத்தில் பாடத்தின் இயல்பும் மாறுகிறதே, அதுதான் பிரச்சினை. உயர்தரத்தில் எல்லை என்றால் ஒரு கணக்கு. பிரதியிடு, காரணிப்படுத்து, விடையை எழுது, முடிந்தது. பல்கலைக்கழகத்தில் எல்லை என்றால் ஒரு வரைவிலக்கணம். எப்சிலன், டெல்டா என்று இரண்டு கிரேக்க எழுத்துகள், "எந்த ஒவ்வொரு", "ஏதாவது ஒன்று இருக்கும்" என்று வரிசையாகச் சொற்கள். நாடு முழுக்க முதலாம் வருடத்தில் பிள்ளைகள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் இடம் இது.

இந்த இடத்தில் நல்ல விரிவுரையாளர் என்ன செய்வார், மற்றவர் என்ன செய்வார் என்று பாருங்கள்.

மற்றவர் வரைவிலக்கணத்தைப் பலகையில் எழுதுவார், அல்லது ஸ்லைடில் காட்டுவார். கீழே தேற்றம், அதற்குக் கீழே நிறுவல். "ஒப்வியஸ்" என்று ஒரு சொல். அடுத்த ஸ்லைட்.

நல்லவர் இப்படிக் கேட்பார்: "2x + 1 என்ற சார்பை எடுங்கள். x மூன்றை நெருங்கும்போது விடை ஏழை நெருங்குகிறது என்று நான் சொல்கிறேன். நம்பமாட்டீர்கள்தானே? சரி, ஏழிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் விடை வர வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்." ஒரு பிள்ளை "0.1" என்று சொல்லும். "அப்படியென்றால் x ஐ மூன்றிலிருந்து 0.05 க்குள் வைத்திருங்கள், போதும்." இன்னொரு பிள்ளை விடாமல் "0.01" என்று சொல்லும். "அப்படியென்றால் 0.005." வகுப்பு சூடு பிடிக்கும். மூன்றாவது பிள்ளை அவரை மடக்கப் பார்த்து மிகச் சிறிய எண் ஒன்றைச் சொல்லும். அவர் சிரித்துக்கொண்டு அதில் பாதியைச் சொல்வார். கடைசியில் கேட்பார்: "நீங்கள் எந்த எண்ணைச் சொன்னாலும் என்னிடம் பதில் இருக்கிறதா?" "இருக்கிறது." "நீங்கள் சொன்ன எண்தான் எப்சிலன். நான் சொன்ன பதில்தான் டெல்டா. இப்போது புத்தகத்தில் உள்ள வரைவிலக்கணத்தை வாசியுங்கள்."

இதற்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளைக்குப் பாடமும் விளங்குகிறது, "எனக்கும் இது முடியும்" என்ற நம்பிக்கையும் வருகிறது. நாட்டின் எந்தப் பீடத்திலும் இப்படிப்பட்ட ஒன்றிரண்டு பேர் கட்டாயம் இருப்பார்கள். பிள்ளைகளுக்கு அவர்களைத் தெரியும். எங்களிடம் வரும் பட்டதாரி ஆசிரியர்கள் பெயரோடு சொல்வார்கள். தெரியாதது நிர்வாகத்துக்கு மட்டும்தான்.

முறைமையைப் பற்றி நியாயமாகவே பேசுவோம். பேராசிரியர் பதவி உயர்வுக்கான புள்ளித் திட்டத்தில் கற்பித்தலுக்கும் ஒரு பகுதி இருக்கிறது. இல்லை என்று சொன்னால் அது பொய். புதிதாகச் சேரும் விரிவுரையாளருக்கு ஒரு பயிற்சிநெறியும் உண்டு. பணியாளர் அபிவிருத்தி நிலையங்கள் இருக்கின்றன. சில இடங்களில் கற்பித்தலுக்கு விருதும் கொடுக்கிறார்கள். இதையெல்லாம் கொண்டுவரப் பாடுபட்டவர்களுக்கு எங்கள் நன்றி.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஒருவர் ஆய்வுக் கட்டுரை எழுதினால் அதே துறையில் உள்ள, முகம் தெரியாத இரண்டு மூன்று பேர் அதை வரி வரியாக வாசித்துக் குறை சொல்லித் திருத்தச் சொல்வார்கள். அதன் பிறகுதான் அது வெளியாகும். அதே ஆள் பதினைந்து வருடம் வெப்பவியக்கவியல் படிப்பித்தால், அந்த மண்டபத்தில் உட்கார்ந்து ஒரு மணித்தியாலம் முழுதாகக் கேட்ட சக விரிவுரையாளர் எத்தனை பேர்? ஆராய்ச்சியைப் பிறர் பார்த்து மதிப்பிடுகிறார்கள். கற்பித்தலோ பெரும்பாலும் கோப்பில் சேர்ந்த தாள்களாகத்தான் மதிப்பிடப்படுகிறது. எத்தனை மணித்தியாலம், எத்தனை பாடநெறி, எத்தனை கையேடு என்ற கணக்குத்தான் அதில் இருக்கும். மணித்தியாலத்தை எண்ணலாம். விளங்கியதை அப்படி எண்ண முடியாது.

ஆராய்ச்சிக்கென்று மாதாந்தம் தனியாக ஒரு படி உண்டு. விஞ்ஞான ஆராய்ச்சிக்கு ஜனாதிபதி விருது உண்டு. இரண்டும் நல்லவைதான், வேண்டியவைதான். ஆனால் இளம் விரிவுரையாளர் ஒருவர் இதிலிருந்து என்ன படித்துக்கொள்வார்? "இன்று பின்னேரம் மூன்று மணித்தியாலம் கிடைக்கிறது. நாளைய விரிவுரையை மாற்றி எழுதினால் எனக்கு ஒன்றும் கிடைக்காது. கட்டுரையில் ஒரு பக்கம் எழுதினால் கிடைக்கும்." அவர் கட்டுரையை எழுதுவார். அதில் அவருடைய குற்றம் ஒன்றும் இல்லை. எதற்குக் கூலி கொடுக்கிறோமோ அந்த வேலைதான் நடக்கும்.

இப்போது எங்கள் பக்கத்தைப் பாருங்கள். கல்வியியற் கல்லூரியில் நாங்கள் இரண்டு வருடம் தங்கிப் படித்து, மூன்றாம் வருடம் பாடசாலையில் கட்டுறுபயிலுனராக நின்றோம். ஒவ்வொரு பாடத்துக்கும் பாடக்குறிப்பு. பின்வாங்கில் விரிவுரையாளர் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருப்பார். கரும்பலகையில் எழுத்துச் சரிந்தாலும் புள்ளி குறையும். பிள்ளையிடம் கேள்வி கேட்டுவிட்டு விடைக்குப் பொறுக்காமல் நாங்களே சொல்லிவிட்டால் அதற்கும் குறையும். நியமனம் கிடைத்த பிறகும் அதிபர் வருவார், ஆசிரிய ஆலோசகர் வருவார், வலயத்திலிருந்து குழு வரும். தரம் 6 பிள்ளைக்குப் பின்னம் படிப்பிக்க இவ்வளவு மேற்பார்வை. இருநூறு பேருக்கு நுண்கணிதம் படிப்பிக்க ஏன் இல்லை? பின்னத்தை விட நுண்கணிதம் லேசா?

"பல்கலைக்கழகப் பிள்ளைகள் பெரியவர்கள், தாங்களாகவே படிக்க வேண்டும்" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2014 ஆம் ஆண்டு அமெரிக்க தேசிய விஞ்ஞான அக்கடமியின் சஞ்சிகையில் பிரீமன் என்பவரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விஞ்ஞானம், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய பட்டப்படிப்பு வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஆசிரியர் மட்டும் பேசும் வழமையான விரிவுரையில் சித்தியடையாதவர்கள் சுமார் 34 வீதம். பிள்ளைகளைக் கேள்வி கேட்டு, ஒருவரோடு ஒருவர் விவாதிக்கவிட்டு, வகுப்பிலேயே கணக்குச் செய்யவிட்டுப் படிப்பித்த இடங்களில் சுமார் 22 வீதம். வித்தியாசம் 12 வீதம். நூறு பேர் கொண்ட ஒரு பெச்சில் பன்னிரண்டு பிள்ளைகள் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் சோம்பேறிகள் என்று இனி யாரும் எங்களிடம் சொல்ல வேண்டாம்.

அதற்கு மூன்று வருடம் முன்னர், 2011 இல், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதலாம் வருட பௌதிகவியல் வகுப்புகள் இரண்டை எடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 270 பிள்ளைகள். ஒரு வகுப்புக்கு நல்ல பெயர் எடுத்த, அனுபவமுள்ள பேராசிரியர் வழமைபோல விரிவுரை செய்தார். மற்ற வகுப்புக்கு அனுபவம் குறைந்த, ஆனால் கற்பித்தல் முறையில் பயிற்சி பெற்ற இளம் ஆய்வாளர் ஒருவர். ஒரே கிழமை, ஒரே பாடம், ஒரே சோதனை. பேராசிரியரின் வகுப்புக்குச் சராசரி 41 வீதம். இளையவரின் வகுப்புக்கு 74 வீதம். இந்த ஆய்வைச் செய்தவர்களில் ஒருவர் கார்ல் வீமன், 2001 இல் பௌதிகவியலுக்கு நோபல் பரிசு பெற்றவர். ஆராய்ச்சியில் உச்சம் தொட்ட மனிதர், "பௌதிகவியலை எப்படிப் படிப்பிப்பது" என்பதையே தன் அடுத்த ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார். ஆராய்ச்சியாளர் படிப்பித்தலில் இறங்கினால் தரம் குறைந்துவிடும் என்று நினைப்பவர்கள் இவரைப் பார்க்க வேண்டும். 1965 இல் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் பைன்மனுக்கு அமெரிக்க பௌதிகவியல் ஆசிரியர் சங்கம் 1972 இல் ஒயர்ஸ்டெட் பதக்கம் கொடுத்தது. அது படிப்பித்தலுக்கான பதக்கம்.

இன்னோர் உதாரணம், எங்கள் பிள்ளைகளுக்கு மிகக் கிட்டியது. 1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் நுண்கணிதத்தில் பெருமளவில் தவறினார்கள். காரணம் கேட்டபோது எல்லோரிடமும் பதில் தயாராக இருந்தது. ஊக்கம் இல்லை, அடிப்படை இல்லை, குடும்பத்தில் ஆதரவு இல்லை, வறுமை. யூரி டிரைஸ்மன் என்ற இளைஞர் இந்தப் பதில்களை நம்பாமல் பிள்ளைகளோடு போயிருந்து பார்த்தார். இவற்றில் எதுவும் சரியான விளக்கமாக இல்லை. அவர் கண்டது வேறு. அந்த மாணவர்கள் அறைக்குள் தனியாக உட்கார்ந்து படித்தார்கள். நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்கள் கூடிப் படித்தார்கள், ஒருவரின் பிழையை மற்றவர் திருத்தினார்கள். டிரைஸ்மன் குழுப் பயிற்சி வகுப்பு தொடங்கினார். அதை "மெல்லக் கற்போருக்கான வகுப்பு" ஆக்கவில்லை. வழமையை விடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சேர்ந்து செய்யவிட்டார். அந்தப் பிள்ளைகளின் பெறுபேறு தலைகீழாக மாறியது.

இதை வாசித்ததும் எங்களுக்கு ஞாபகம் வந்தது என்ன தெரியுமா? குப்பி! எங்கள் நாட்டில் பல்கலைக்கழகம் போன எவருக்கும் குப்பி என்றால் என்னவென்று தெரியும். பரீட்சைக்கு முதல் நாள் இரவில் விளங்கிய பிள்ளை விளங்காத பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் வகுப்பு. மூன்று மாதம் மண்டபத்தில் விளங்காதது மூன்று மணித்தியாலத்தில் விளங்கிவிடும். அதுவும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கலந்து. டிரைஸ்மன் கண்டுபிடித்ததை எங்கள் பிள்ளைகள் எவருடைய உதவியும் இல்லாமல் தாங்களாகவே செய்துகொண்டிருக்கிறார்கள். வித்தியாசம், அவர் அதைச் செமஸ்டரின் தொடக்கத்திலேயே முறையாக வைத்தார். எங்கள் பிள்ளைகள் கடைசி இரவில், பயத்தில் செய்கிறார்கள். குப்பியை எடுத்துத் தன் பாடநெறியின் ஒரு பகுதியாக்கி, நேரமும் இடமும் ஒதுக்கி, நல்ல கணக்குகளையும் தயாரித்துக் கொடுக்கும் விரிவுரையாளருக்குப் பதவி உயர்வில் எத்தனை புள்ளி?

ஒரு சொல்லைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. "குறைந்த இஸட் புள்ளியில் வந்த பெச்." மாவட்ட அடிப்படையில் 55 வீதம் எடுப்பது இந்த நாட்டின் அனுமதிக் கொள்கை. ஆய்வுகூடமே இல்லாத பாடசாலையிலிருந்து, இணைந்த கணிதத்துக்கு ஆசிரியர் ஒரு தவணை இருந்தும் மறு தவணை இல்லாமலும் படித்து வந்த பிள்ளையை உள்ளே எடுத்துவிட்டு, அந்தப் பிள்ளை தடுமாறும்போது இஸட் புள்ளியைக் காட்டுவது என்ன நியாயம்? நோயாளி பலவீனமாக இருக்கிறார் என்று வைத்தியர் நோயாளி மீதே முறைப்பாடு செய்வாரா? பலவீனமானவரைத் தேற்றுபவரைத்தான் நல்ல வைத்தியர் என்கிறோம். படிப்பித்தலிலும் அளவுகோல் அதுதான். எல்லாம் தெரிந்த பிள்ளையை எவரும் சித்தியடையச் செய்வார்கள்.

இனி எதிர்வாதங்களில் பலமானதை எடுப்போம். "நல்ல கற்பித்தலை எப்படி அளப்பது? மாணவரிடம் கேட்டால் சிரிக்கச் சிரிக்கப் பேசுபவருக்கும் புள்ளியை அள்ளிக் கொடுப்பவருக்கும் போடுவார்கள்." இந்தப் பயம் நியாயமானது. அமெரிக்க விமானப்படை அக்கடமியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவுகளை வைத்து கரெல், வெஸ்ட் என்ற இருவர் 2010 இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. அங்கே மாணவர்கள் எந்த ஆசிரியரிடம் நுண்கணிதம் படிப்பது என்று தாங்களாகத் தெரிவு செய்ய முடியாது, எழுமாறாகவே பிரிப்பார்கள். எல்லோருக்கும் பொதுவான பரீட்சை. மாணவர்கள் அதிகம் மெச்சிய ஆசிரியர்களின் மாணவர்கள் அந்தப் பாடத்தில் நன்றாகச் செய்தார்கள், ஆனால் அதைத் தொடர்ந்து வந்த உயர்மட்டப் பாடங்களில் பின்னடைந்தார்கள். ஆழமாகப் படிப்பித்தவர்களுக்கு அந்த நேரத்தில் மெச்சல் குறைவு, பலன் பின்னால் வந்தது. 2019 இல் ஹார்வர்ட் பௌதிகவியல் வகுப்புகளிலும் இதையொத்த ஒன்றைக் கண்டார்கள். தாங்களே செய்து படித்த மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள்.

ஆகவே செமஸ்டர் முடிவில் கொடுக்கும் ஒரு பக்கப் படிவம் போதாது என்பதில் நாங்களும் உடன்படுகிறோம். ஆனால் அந்த ஆய்வையே இன்னொரு தரம் வாசியுங்கள். அளக்க முடியாது என்றா அது சொல்கிறது? எப்படி அளப்பது என்றும் அதே ஆய்வு காட்டித் தருகிறதே! ஒருவரிடம் முதலாம் வருடம் படித்த பிள்ளைகள் அடுத்த பாடத்தில் என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். அந்தத் தரவு எந்தப் பீடத்தின் பரீட்சைப் பிரிவிலும் இருக்கிறது. எடுத்துப் பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை.

எங்கள் கோரிக்கைகள் இவை:

1. பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் விஞ்ஞான, கணித விரிவுரையாளரின் வகுப்பில் குறைந்தது இரண்டு பேர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒருவர் வேறு பல்கலைக்கழகத்தவராக இருக்க வேண்டும். ஒரு நாள் கண்காட்சி போதாது. இரண்டு செமஸ்டரில், முன்னறிவித்தும் அறிவிக்காமலும்.

2. அந்த விரிவுரையாளரிடம் படித்தவர்கள் தொடர்ந்து வரும் பாடங்களில் பெற்ற பெறுபேற்றைப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் உள்ளே வந்த மட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பலவீனமான பெச்சைத் தூக்கி நிறுத்தியவருக்கு அதனால் நட்டம் வரக்கூடாது.

3. மாணவரின் குரலைப் பட்டம் முடித்து இரண்டு மூன்று வருடம் கழித்துக் கேட்க வேண்டும். "சேர் நல்லவரா" என்று கேட்காமல், "இன்று உங்கள் வேலையில் எந்தப் பாடம் கைகொடுக்கிறது, அது எப்படி விளங்கியது" என்று கேட்க வேண்டும். ஆசிரியர்களாகிவிட்ட பட்டதாரிகளிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

4. கற்பித்தலில் ஒரு குறைந்தபட்ச மட்டம் வேண்டும். அதற்குக் கீழே இருப்பவர் எத்தனை கட்டுரை எழுதியிருந்தாலும் அந்தக் குறையைக் கட்டுரையால் நிரப்ப விடக்கூடாது.

5. விஞ்ஞான ஆராய்ச்சிக்கு இருப்பதுபோல, விஞ்ஞான, கணிதக் கற்பித்தலுக்கும் தேசிய மட்டத்தில் ஒரு விருது வேண்டும். கனடாவில் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கான தேசிய விருது 1986 இலிருந்தும், இங்கிலாந்தில் 2000 இலிருந்தும் இருக்கிறது. அமெரிக்கக் கணிதச் சங்கமொன்று கல்லூரிக் கணித ஆசிரியர்களுக்கு வழங்கும் ஹைமோ விருதுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த ஆசிரியரின் கற்பித்தல் தன் நிறுவனத்துக்கு வெளியேயும் தாக்கம் செலுத்தியிருக்க வேண்டும். எங்களுக்கும் அதுதான் வேண்டும்.

ஐந்தாவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எங்கள் சமூகத்தில் விருது என்றால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். மேடை, பிரதம அதிதி, பொன்னாடை, கண்ணாடிச் சின்னம், படம். அடுத்த கிழமை எல்லாம் மறந்துபோகும். வேண்டப்பட்டவருக்கே விருது போகும். அப்படியொரு விருது வருவதைவிட வராமலிருப்பது நல்லது. நாங்கள் கேட்கும் விருதுக்குப் பொன்னாடை வேண்டாம். விருது பெற்றவரின் விரிவுரைகளைப் பதிவு செய்து நாடு முழுக்கப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். அவருடைய கணக்குத் தாள்களை எல்லாப் பீடங்களுக்கும் அனுப்புங்கள். அடுத்த ஒரு வருடத்துக்கு அவருடைய மற்ற வேலைகளைக் குறைத்து, புதிதாகச் சேரும் விரிவுரையாளர்களை அவர் வகுப்பில் உட்காரவிடுங்கள். ஒருவரைக் கௌரவிப்பது என்றால் அவரிடமிருந்து படித்துக்கொள்வதுதான்.

"நாடு இருக்கும் நிலைமையில் இதற்கெல்லாம் பணம் எங்கே" என்று கேட்பீர்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ விரிவுரையாளர்கள் வெளிநாடு போய்விட்டார்கள். போகாமல் நின்றவர்கள் இரண்டு பேரின் வேலையைச் செய்கிறார்கள். அதனால்தான் இது இப்போதே வேண்டும். சம்பளத்தைக் கூட்ட அரசிடம் பணம் இல்லாமல் இருக்கலாம். ஒரு சக விரிவுரையாளர் பின்வாங்கில் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து, "இந்த இடத்தை அருமையாக விளங்கப்படுத்தினீர்கள், நானும் இனி இப்படித்தான் செய்யப்போகிறேன்" என்று எழுதிக் கையொப்பமிட எவ்வளவு செலவு? ஆய்வுகூடக் கருவிக்கு டொலர் வேண்டும். இதற்கு வேண்டாம்.

இது எந்த ஒரு கெம்பஸையும், எந்த ஒரு ஆளையும் குறிவைத்த பதிவல்ல. ஒலுவிலிலிருந்து கொழும்பு வரை, யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தறை வரை எல்லாவற்றுக்கும் பொதுவாகத்தான் எழுதுகிறோம். நன்றாகப் படிப்பிக்கும் விரிவுரையாளர்களுக்கு எதிராக இதில் ஒரு வரியும் இல்லை. அவர்களுக்காகத்தான் இது முழுதும்.

உங்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். நீங்கள் விஞ்ஞானமோ கணிதமோ பட்டப்படிப்பு படித்தவராக இருந்தால், உங்களுக்கு ஒரு பாடத்தை உண்மையில் விளங்கவைத்த விரிவுரையாளர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் எந்தப் பாடத்தில், எந்த இடத்தை, எப்படி விளங்கப்படுத்தினார் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். "நல்ல மனிசன்" என்று மட்டும் எழுத வேண்டாம், அவர் செய்ததை எழுதுங்கள். எழுதியதை அவருக்கும் அவருடைய பீடாதிபதிக்கும் அனுப்புங்கள். ஒரு பீடாதிபதியின் மேசையில் இப்படி ஐம்பது கடிதம் சேர்ந்தால், அடுத்த முறை "கற்பித்தலுக்கு ஆதாரம் எங்கே" என்று யாரும் கேட்க முடியாது. ஆதாரம் அந்த மேசையிலேயே இருக்கும்.

2 வீதப் பட்டியலை ஸ்டான்போர்ட் போடட்டும். இந்தப் பட்டியலை நாங்கள்தான் போட வேண்டும்.